புழுக்கை கேட்டுப் போன ஊர்

ஆட்டின் வயிற்றுப் புழுவின் மரபணுவைப் படிப்பது என் தொழில் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், ஆனால் அதில் பாதி நாள், விடிந்ததும் ஊர் ஊராகப் போய், "கொஞ்சம் புழுக்கை கிடைக்குமா?" என்று கேட்பதுதான். குளிர் தேசத்து ஆய்வுக்கூடங்களில் பதினெட்டு வருசம் இருந்தபோது எனக்குப் புழு தபாலில் வந்தது. நாற்பத்தாறு வயதில் ஊர் திரும்பி, மதுரையில் வேலைக்குச் சேர்ந்து, பரளச்சி, திருச்சுழிப் பக்கம் நானே கிளம்பிய பிறகுதான் தொழில் பிடிபட்டது. அடுத்தவர் வாசலில் நின்று, கேட்கக் கூசுவதைக் கேட்டே பிழைக்கும் சக ஜீவன்களே, இது உங்களுக்குத்தான்.

பஸ்ஸில் ஐஸ் பெட்டி

புழுக்கை வெயிலில் கிடந்தால் அதிலுள்ள புழு முட்டைகள் பொரித்துவிடும். ஐஸ் பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும். எங்கள் ஜீப் மக்கர் செய்த ஒரு நாள், பெட்டியோடு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். உள்ளே மீனா, தடுப்பூசியா என்றார் கண்டக்டர். பொய் வாயில் வரவில்லை, உண்மையைச் சொன்னேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார். கண்டக்டர் மட்டும் பெட்டியைப் பதனமாக ஓரத்தில் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "நாங்க லோடு லோடா அள்ளி வயல்ல கொட்டுறோம். நீங்க ஐஸ் வச்சுக் கொண்டு போறீக. படிச்சவுகளுக்குத்தான் சார் அதோட அருமை தெரியுது."

வெறும் டப்பா

ஆட்டுப் புழு, மனுசப் புழு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது எங்கள் திட்டம். ஆடு வளர்க்கும் வீடுகளில் ஆளுக்கொரு மூடி போட்ட டப்பா கொடுத்து, காலையில் வெளிக்குப் போகும்போது கொஞ்சம் எடுத்துத் தரும்படி விளக்கிச் சொன்னோம். மறுநாள் பாதி டப்பாக்கள் திரும்பவே இல்லை. கொழுந்தன் குடும்பத்தோடு இருக்கும் கருப்பாயியக்கா வீட்டிலிருந்து மட்டும் கொடுத்த நாலும் வந்தன, நல்ல கனத்தோடு. பூரித்துப்போய் ஐஸில் வைத்து மதுரைக்குக் கொண்டுவந்து, கையுறையும் முகமூடியும் மாட்டித் திறந்தால், உள்ளே வறுத்த கடலை.

அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். முப்பது ஆடுகளைத் தனியாளாக மேய்க்கிறவர். அடுத்த முறை போனபோது கேட்டேன். ஆட்டுடையது எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம், மனுசருடையதைக் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது என்றார். சரி, கடலை எதற்கு? "வாங்குன டப்பாவை வெறுசாவா தம்பி திருப்பிக் கொடுக்கிறது?"

ஆள் வருதுன்னா

மழைக்குப் பின் கண்மாய்க்கரை ஈரப்புல்லில் மேய்ந்த ஆடுகள்தான் முதலில் சாகும். இமையை விலக்கினால் உள்ளே வெளுத்திருக்கும். இரைப்பையில் புழு ரத்தம் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அக்காவின் ஆடுகள் அப்படித்தான் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. பத்து நாளில் வருகிறோம், அதுவரை மட்டும் ஆடுகளுக்கு வயிற்றுப் பூச்சி மருந்து கொடுக்காதீர்கள், மருந்து படாத புழுதான் வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தேன். போய் இறங்கியதும் காலி மருந்துப் பாட்டிலை எடுத்துக் காட்டினார். போனை வைத்த மறுநாளே எல்லா ஆட்டுக்கும் ஊற்றிவிட்டாராம்.

எடுக்கப்போகும் மாதிரி அத்தனையும் வீண் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவருக்கு ரோசம் வந்துவிட்டது. "ஆள் வருதுன்னா வீட்டைக் கூட்டிப் பெருக்க மாட்டமா? ஆட்டு வயித்தை மட்டும் குப்பையாப் போட்டு வச்சிருந்து உங்களுக்குக் காட்டச் சொல்றீகளா?"

ரெண்டாந்தடவை

எடுத்ததுதான் எடுத்தோம் என்று மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். மருந்து உள்ளே போய் ஒன்பது நாள். முட்டை அருகிப் போயிருக்க வேண்டும். கண்ணாடிச் சில்லு முழுக்க முட்டை.

அதை ஊரில் போய்ச் சொன்னது என் தப்பு. மந்தையில் அக்காவின் கொழுந்தன் மாரிச்சாமிக்கும் பங்கு உண்டு. மதினி மருந்தைச் சரியாக ஊற்றுவதில்லை, பாதி மண்ணுக்குத்தான் போகிறது, அதனால்தான் ஆடு சாகிறது என்று அவர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார். என் முட்டைக் கணக்கு அவருக்குச் சாட்சியாகிவிட்டது. தை பிறந்ததும் மொத்த மந்தையையும் வியாபாரிக்குத் தள்ளிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். புருசன் போன பிறகு அக்காவுக்கென்று மிஞ்சியவை அந்த ஆடுகளும், தன் பேச்சுக்கு இருந்த மதிப்பும்தான். இரண்டும் போகப் பார்த்தன. நானாவது சும்மா இருந்தேனா? அளவு சரியாக ஊற்றினீர்களா என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டாம் முறை அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஒரு தடவை கேட்டா விசாரிப்பு. ரெண்டாந்தடவை கேட்டா நீங்களும் அவர் கச்சி."

ஓர் எழுத்து

அந்த முட்டைகளைப் பொரிக்கவைத்து, புழுக்குஞ்சுகளின் மரபணுவைப் படித்தோம். மருந்து போய் ஒட்டிக்கொள்ள புழுவின் உடம்பில் ஓர் இடம் உண்டு. அதை உண்டாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் மருந்து ஒட்டாது. அக்கா மந்தைப் புழுக்களில் அநேகத்துக்கு அந்த எழுத்து மாறியிருந்தது. அக்கா ஊற்றிய அளவில் குறை இல்லை; அந்த மருந்துக்கு இந்தப் புழு சாகாது.

காகிதத்தைக் காட்டினால் மாரிச்சாமி நம்ப மாட்டார். தராசோடு போனோம். ஒவ்வோர் ஆட்டையும் அவரே பிடித்துக்கொள்ள, எடைக்குத் தக்க அளவில் அதே மருந்தை நானே ஊற்றினேன். இரண்டு வாரம் கழித்து மைக்ராஸ்கோப்பை அவர் வாசலில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். முட்டைகள் அப்படியே இருந்தன. பிறகு வேறு வகை மருந்தைக் கொடுத்து, இன்னும் இரண்டு வாரம் விட்டுப் பார்த்தோம். சில்லு வெறிச்சென்று கிடந்தது. மாரிச்சாமி நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழகியவர் இல்லை அவர். எழுந்து, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார்: "வியாபாரியை வர வேணாம்னு சொல்லிர்றேன். இனிமேலும் மதினியே ஊத்தட்டும்."

அக்காவின் சுருக்கம்

இப்போது சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் மருந்து வாங்கும் முன் அக்காவிடம் கேட்கிறார்கள். இந்த ஆய்வின் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றி எழுதி, அடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள், புதிதாக ஆடு வாங்கிய பெண்ணிடம் அக்கா பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். "இமை வெளுத்த ஆட்டுக்கு மட்டும் ஊத்து, ஆத்தா. எல்லாத்துக்கும் ஊத்துனா, சாகாத புழு மட்டும் மிஞ்சி, மந்தையே அது வம்சமாப் போயிரும்."

என் சொல்லைக் கேட்காதவர் கெடுத்த சோதனைதான் நான் செய்ததிலேயே உருப்படியானது என்பதை, ஆய்வறிக்கையில் எந்தப் பத்தியில் எழுதுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.