ஆயா விழுங்கிய முதல் சொல்

எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. குழந்தை முதன்முதலாக எழுந்து நடந்தாலும் சரி, ஒரு சொல் பேசினாலும் சரி, பெற்றவளிடம் மூச்சுவிடக் கூடாது. சாயங்காலம் அரக்கப்பரக்க ஓடி வருகிறவளிடம், பிள்ளை நன்றாகத் தூங்கியது என்று மட்டும் சொல்லி அனுப்ப வேண்டும். வீட்டில் அவள் பார்ப்பதுதான் முதல் நடை, அவள் கேட்பதுதான் முதல் சொல். வயிற்றுப்பாட்டுக்காகப் பிள்ளையை விட்டுப் போகிறவளுக்கு அந்தச் சந்தோஷமாவது மிஞ்சட்டும் என்று ஆயாதான் இதைக் கொண்டுவந்தாள். அங்கே சமையல் வேலை பார்க்கும் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆயா கெட்டிக்காரி. பசி அழுகை எது, தூக்க அழுகை எது என்று கதவுக்கு வெளியிலிருந்தே சொல்லிவிடுவாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "இங்க இருக்கிற வானரங்க போதாதா?" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒருத்தியின் மகளும் எங்களிடம் வளர்ந்தாள். கன்னத்தை வைத்து உருண்டை என்று கூப்பிடுவோம். நடை வருவதற்கு முன்பே அவளுக்கு ஒரு சொல் வந்துவிட்டது. ஆயா அதை என்னிடம்கூடச் சொல்லாமல் தனக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு உருண்டைக்குக் கடும் காய்ச்சல் வந்தது. தேறித் திரும்பியவளுக்கு அந்தச் சொல் இல்லை. உடம்பு அசதி, தானாக வரும் என்று ஆயா நினைத்தாள்.

வரவில்லை. உருண்டையோ ஆள் நிழல் பட்டாலே திரும்பிப் பார்த்துவிடுவாள், அதனால் அவள் காதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் தட்டவில்லை. முன்பு எப்போதாவது பேசினாளா என்று டாக்டர் கேட்டபோது, இல்லை என்றாள் தாய். அவள் அறிந்தவரை அது உண்மை. சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்று அவரும் அனுப்பிவிட்டார். பேச்சைப் பிடித்துக்கொள்கிற வயது அப்படியே கழிந்தது.

கடைசியில் காதைச் சோதித்துவிட்டு, மகளோடு நேராக எங்களிடம் வந்தாள் தாய்.

"ரெண்டு காதும் போச்சுக்கா. பேசிட்டிருந்து பேச்சு நின்னிருந்தா அப்பவே காதைப் பாத்திருப்போம்னு டாக்டர் சொல்றாரு. இவதான் ஒரு சொல்லுகூடப் பேசினதில்லையே."

ஆயா உருண்டையைப் பார்த்தாள். "பேசினாம்மா. காய்ச்சலுக்கு முன்னாடி."

எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. தாய் கத்தவில்லை. "என்ன சொன்னா?"

"அம்மான்னு."

"யாரைப் பாத்து?"

"என்னைப் பாத்துத்தான்."

தாய் மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். பிறகு வரவே இல்லை.

ஆயா இன்னும் வேலையில்தான் இருக்கிறாள். இப்போது நடை, சொல் எல்லாவற்றையும் தாய்மாரிடம் ஒப்பித்துவிடுகிறாள். அவர்கள் முகம் வாடிப்போய் வீட்டுக்குப் போகிறார்கள். பேச்சு வரும் வயதுக் குழந்தை ஏதாவது அவள் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தால், கீழே இறக்கிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.