மாமியின் இருமலுக்கு ஒரு பட்டன்

காரை வாங்கி வந்த நாளிலிருந்தே அதன் ஸ்டேரிங் எனக்கு எரிச்சல் மூட்டிக்கொண்டிருந்தது. அதே கம்பனி, அதே வருடம், ஒரு படி உயர்ந்த ரகமாக இருந்தால் ஸ்டேரிங்கின் இடப்பக்கத்தில் பாட்டைக் கூட்ட, குறைக்க, மாற்றப் பட்டன்கள் இருக்கும். எங்களுடையது அடிமட்ட ரகம். பட்டன் வரவேண்டிய இடத்தில் கறுப்பு மூடி ஒன்றைப் போட்டு அடைத்து அனுப்பியிருந்தார்கள். விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுவது போல, ஓடும்போதெல்லாம் என் பெருவிரல் அந்த மூடியைத் தடவிக்கொண்டே இருக்கும். எனக்குக் கோபம் சட்டென்று வரும், பொறுமை கொஞ்சமும் கிடையாது. ஒரு மூடியிடமே கோபித்துக்கொள்கிற ஆள் நான்.

ஆனாலும் அதைக் கழற்றிப் பட்டன் போட்டே தீருவது என்று என்னைக் கிளப்பிவிட்டது மூடி அல்ல, என் மாமியின் இருமல்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நான் அட்டாளைச்சேனையில் என் மனைவியின் வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருடங்கள். அந்தப் பத்தொன்பது வருடத்தில் மாமி, அதாவது மனைவியின் தாய், என்னோடு நேராக ஒரு சொல் பேசியதில்லை. பகை என்று நினைக்க வேண்டாம், அதுதான் மரியாதை. இப்போது பல வீடுகளில் மாமியும் மருமகனும் ஒன்றாக இருந்து டீவி பார்க்கிறார்கள். எங்கள் மாமி அந்தக் காலத்து ஆள். நான் முன்னறைக்கு வந்தால் அவர் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். எனக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் மனைவி வழியாக வரும். மனைவி வீட்டில் இல்லாவிட்டால் பூனை வழியாக வரும்.

“பூனே, சோறு ஆறுது. பசியில இருக்கிறவங்க வந்து தின்னலாம்” என்று குசினிக்குள்ளிருந்து சத்தமாகச் சொல்வார். நான் போய்த் தின்பேன். பூனையும் வரும். மேசையில் எனக்கென்று மூடிவைத்த சோற்றுக் கோப்பையில் பெரிய மீன்துண்டு எப்போதும் இருக்கும். பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் சின்ன வயதிலேயே உம்மாவை இழந்தவன் நான். இந்த வீட்டுக்கு வரும்போது எனக்கு ஓர் ஆசை இருந்தது. மாமி ஒரே ஒரு தரம், வாய் திறந்து, “மருமகன்” என்று என்னைக் கூப்பிட வேண்டும். மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை, சிரிப்பாள் என்று வெட்கம்.

போன வருடம் மாமிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை தோறும் கல்முனையில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போய், காலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்விக்க வேண்டும். முதல் இரண்டு கிழமையும் மனைவி வந்தாள். அவள் பள்ளிக்கூட ரீச்சர், கிழமைக்கு ஒரு லீவு யார் தருவார்கள்? மூன்றாம் கிழமை காரில் நானும் மாமியும் மட்டும். பின்சீட்டில், இடப்பக்க மூலையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மாமி. முன்னால், முதுகெல்லாம் வியர்த்துக்கொண்டு நான். காரில் பூனை இல்லை.

அந்த மௌனத்தில் கல்முனை வரைக்கும் ஓட என்னால் முடியாது. பென் ட்ரைவில் இருந்த பாட்டைப் போட்டேன். பாலமுனைகூட வரவில்லை, அதற்குள் பின்னாலிருந்து ஓர் இருமல். சுகமில்லாதவர் இருமும் இருமல் இல்லை அது, வாசலில் நின்று ஆள் வந்திருக்கிறேன் என்று காட்டும் இருமல். புரிந்துகொண்டேன். கையை நீட்டிச் சத்தத்தைக் குறைத்தேன். மறுபடி இருமல். இன்னும் குறைத்தேன். ஒலுவில் சந்தியில் மூன்றாவது இருமல். காரைதீவு வந்தபோது பாட்டுப் போகிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. வயதான மனிசி, பாட்டுப் பிடிக்கவில்லை, பாவம், வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். அதற்காக முழுதாக நிறுத்தவும் மனம் வரவில்லை. இப்படியே மாதக்கணக்காக ஒவ்வொரு செவ்வாயும் அவர் இருமுவதும் நான் குறைப்பதுமாகப் போனது.

ஒரு செவ்வாய் நிந்தவூருக்குக் கிட்ட, இருமலுக்குக் கையை நீட்டினேன், கண்ணும் கையோடு போய்விட்டது. ரோட்டோரத்தில் காயப்போட்டிருந்த நெல்லின் மேல் முன்சில்லு ஏறி, விளக்குமாறோடு நின்ற மனிதர் துள்ளி விலகினார்.

“கண்ண எங்க வெச்சிக்கிட்டு ஓட்டுறீங்க?”

அவர் கேட்டது நியாயம். நான் இறங்கி மன்னிப்புக் கேட்டு, சிதறிய நெல்லைக் கூட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். பின்சீட்டில் மாமி முணுமுணுவென்று எதையோ ஓதிக்கொண்டிருந்தார். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். மாமி இருமினால், ஸ்டேரிங்கிலிருந்து கை எடுக்காமல் பாட்டைக் குறைக்க வேண்டும்.

உடைத்த கார்களின் சாமான் விற்கும் கடையில், அதே மொடலின் பட்டன்கள் கிடைத்தன. காரைதீவில் வாகன வயர் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், என்னைவிடப் பத்து வயது மூப்பு. பட்டனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“தம்பி, பட்டன் மட்டும் போட்டாக் காணாது. உள்ளுக்க சுருள் கேபிளும் மாத்தவேணும். உங்கட கேபிள்ல இதுக்கு வயரே இல்ல.”

ஸ்டேரிங் சுற்றும்போது வயர் அறுந்துபோகாமல் இருக்க, உள்ளே நாடா போலச் சுருண்டு கிடக்கும் கேபிள் அது. அதையும் தேடிப் பிடித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். பெட்டரியின் வயரைக் கழற்றிவிட்டு அண்ணன் ஆறுதலாக வெற்றிலை போட உட்கார்ந்தார். எனக்குத் தாங்கவில்லை, தொடங்குவோம் என்றேன்.

“எயார் பேக்குக்குள்ள கரண்ட் மிச்சம் இருக்கும். அது வடியட்டும். உங்கட அவசரத்துக்கு அது மூஞ்சியில வெடிச்சா, நான் உங்கட வீட்டாக்களுக்கு என்ன பதில் சொல்ற?”

பிறகு எயார் பேக்கைக் கழற்றி, ஸ்டேரிங்கை இழுத்தெடுத்து, புதுக் கேபிளை ஒரு முனைவரை சுற்றி, திருப்பிப் பாதிவரை எண்ணி எண்ணி நடுவுக்குக் கொண்டுவந்தார். நடு பிசகினால் முதல் வளைவிலேயே அறுந்துவிடுமாம். கடைசியாக அந்தக் கறுப்பு மூடியைக் கழற்றி என் கையில் தந்தார். அதைப் பக்கத்துக் குப்பைத் தொட்டியில் எறிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியில் சொல்லக் கூடாது.

மிச்சம் இருந்தது காரின் ரேடியோ செட்டுக்குப் பட்டன்களைப் படிப்பிக்கும் வேலை. திரையில் ஒரு படத்தைத் தொட வேண்டும், உடனே ஸ்டேரிங்கில் அதற்குரிய பட்டனைச் சில செக்கன் அமத்திப் பிடிக்க வேண்டும். அண்ணன் திரையைத் தொடுவது, நான் பட்டனை அமத்துவது என்று பிரித்துக்கொண்டோம். இதற்குள் நேரம் போய்விட்டது. மாளிகைக்காட்டுப் பக்கம் பள்ளிவாசலில் ஜும்மாவுக்கு ஆயத்தமாகும் சத்தம் கேட்டது. அண்ணன் “கூட்டுற... அமத்துங்க. குறைக்கிற... அமத்துங்க” என்று சொல்லச் சொல்ல நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே அமத்தினேன். பாட்டுப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டு போகச் சொன்னார். ஜும்மா நேரத்தில் பாட்டா? பிறகு பார்ப்போம் என்று பள்ளிக்கு ஓடினேன். பிறகு நான் பார்க்கவே இல்லை. கடைக்குப் போய்வர எனக்கு மோட்டார் சைக்கிள், கார் வெளியே வந்தது செவ்வாய்க்கிழமைதான்.

பாலமுனை. பாட்டு. இருமல். பெருமையோடு பெருவிரலால் குறைக்கும் பட்டனை அமத்தினேன். பாட்டுக் கூடியது. திடுக்கிட்டு இன்னும் அமத்தினேன், இன்னும் கூடியது. அமத்திய பிடியை விட்டிருக்கலாம், பதற்றத்தில் விரல் அங்கேயே ஒட்டிக்கொண்டது. மேளமும் நாதஸ்வரமும் சேர்ந்து அடிக்கும் பாட்டு, கண்ணாடி அதிர்கிறது, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். முடிந்தது கதை, மாமி இனிமேல் என் காரில் ஏறமாட்டார் என்று நினைத்துக்கொண்டு மேலே கண்ணாடியைப் பார்த்தேன்.

மாமி சிரித்துக்கொண்டிருந்தார். விரல்கள் கைப்பையில் தாளம் போட்டன. கிளினிக்கில் எத்தனை கெஞ்சினாலும் மடியாத அந்த முழங்கால், பாட்டுக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. கல்முனை வரைக்கும் ஓர் இருமல் கிடையாது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. கூட்டு, கூட்டு என்று மனிசி மாதக்கணக்காக இருமியிருக்கிறார். நான் குறைத்துக் குறைத்துக் கொன்றிருக்கிறேன். மத்தியானம் மனைவியிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“உம்மாவுக்குப் பாட்டெண்டா உசிரு மச்சான். அதுவும் அடிக்கிற பாட்டு. உங்கட அழுற பாட்டெல்லாம் அவவுக்குச் சரிவராது.”

“அத நீ முன்னமே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேட்டாத்தானே.”

அவசரத்தில் கூட்டுற பட்டனையும் குறைக்கிற பட்டனையும் இடம் மாற்றிப் படிப்பித்துவிட்டேன் என்று அண்ணனிடம் போய்ச் சொன்னேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் திரையைத் தொடவே மறுத்துவிட்டார். “பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு வாறதுதான் வழமை. உங்களுக்குக் குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் வந்திருக்கார். அப்படியே விட்டிருங்க தம்பி.” விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த செவ்வாய்கள்தான் செவ்வாய்கள். என் கை ஸ்டேரிங்கை விட்டு அசையாததால், கார் தானாகவே கேட்டு நடக்கிறது என்று மாமி எடுத்துக்கொண்டார் போலும். இருமலை விட்டுவிட்டு நேராக ரேடியோவோடு கதைக்கத் தொடங்கினார்.

“கொஞ்சம் கூட்டன் பாப்பம்.”

கூட்டினேன்.

“இது ஒப்பாரி. அடுத்ததப் போடு.”

எனக்குப் பிடித்த பாட்டு அது. அடுத்ததைப் போட்டேன். திரும்பி வரும்போது எங்காவது பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் பெருவிரல் சத்தத்தை அடைத்துவிடும். எங்கள் ரோட்டில் ஒரு பள்ளி முடிய இன்னொரு பள்ளி தொடங்கும், வீடு வந்து சேருமுன் நாலைந்து தரம் அடைத்துத் திறக்க வேண்டியிருக்கும். அது ஈமானுள்ள கார், படைத்தவனுக்குப் பயந்த கார் என்று மாமி மனைவியிடம் சொல்லியிருக்கிறார். போகப் போக ரேடியோவுக்குப் பாட்டில்லாத செய்திகளும் வந்தன. “காலம திங்காம வந்தவங்களுக்குப் பையில இடியப்பம் இரிக்கி.” “இண்டைக்கு ஆறுதலாப் போகலாம், அவசரமில்ல.” நான் ஆறுதலாகப் போவேன், சந்தியில் நிறுத்தி இடியப்பம் தின்பேன். நாற்பத்தேழு வயதில் பூனையிலிருந்து ரேடியோவுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது என்று மனைவி கேலி செய்தாள். செய்யட்டும். செவ்வாய்க்கிழமைக்காக நான் கிழமை முழுக்கக் காத்திருந்தேன்.

பிறகு ஒரு திங்கள் பின்னேரம் கார் பெட்டரி செத்துவிட்டது. புதிதாக ஒன்று போட்டுக்கொண்டு வந்து, மறுநாள் காலை மாமியை ஏற்றினேன். பாட்டுப் போனது.

“கூட்டன்” என்றார் மாமி.

அமத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமத்தினேன். பெட்டரி கழற்றியதில் செட் படித்ததையெல்லாம் மறந்துவிட்டது என்று அப்போதுதான் விளங்கியது.

“இன்னும் கொஞ்சம் கூட்டன்.”

செட்டில் சத்தம் கூட்டும் திருகு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை போகவில்லை. நீட்டினால் மாமி கண்டுவிடுவார். இத்தனை நாளும் கதைத்தது காரோடு இல்லை, மருமகனோடு என்று தெரிந்துவிடும். வெட்கத்தில் முக்காட்டை இழுத்துக்கொண்டு பழையபடி மூலைக்குள் ஒடுங்கிவிடுவார். கையில் கிடைத்ததை நானே தட்டிவிடுவதா? பயமாக இருந்தது, உண்மையான பயம். வெறும் பட்டனை அமத்திக்கொண்டே ஒலுவில் சந்தியைக் கடந்தேன்.

“மருமகன்.”

யாரை என்று ஒரு கணம் விளங்கவில்லை. காரில் வேறு யாரும் இல்லை.

“பட்டன் பழுதெண்டாக் கையால கூட்டுங்களன். நான் இருக்கிற மூலையிலருந்து உங்கட பெருவிரல் முதல் நாளையிலருந்தே தெரியும். கை போறதக் கண்டா நான் என்ன, கதவத் திறந்துக்கிட்டு ஓடவா போறன்?”

கண்ணாடியைப் பார்க்கத் துணிவில்லை. கண் கலங்கி ரோடு மங்கியது. காரை ஓரங்கட்டினேன்.

“ஓம் மாமி” என்றேன்.

பத்தொன்பது வருடத்தில் நான் அவரோடு நேராகப் பேசிய முதல் சொல்லும் அதுதான். அவர் பேசவில்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்தவன், நானும் அவரை ஒரு தரம் கூப்பிட்டதில்லை என்பதை அதுவரை நினைத்தே பார்க்கவில்லை.

கையை நீட்டிப் பாட்டைக் கூட்டிவிட்டுக் காரை எடுத்தேன். மாமி பேசத் தொடங்கினார். முழங்காலைப் பற்றி, என் மனைவி சின்ன வயதில் செய்த குழப்படியைப் பற்றி, எனக்கு உப்புக் கூடக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, ஒருவருக்கும் சொல்லாமல் தான் கறியில் அதைக் குறைத்துவருவதைப் பற்றி. நிந்தவூர் தாண்டும்போது, அவர் சொல்வது சரியாகக் கேட்கவில்லை என்று நானே பாட்டை நிறுத்தினேன்.