வரிசையில் விட்ட லாரி

குடல் ஆப்பரேசனில் மலம் சேர வயிற்றில் மாட்டியிருந்த பையை எடுத்துவிட்டுக் குடலை மறுபடி இணைத்த பிறகு, எனக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை வெளிக்கு வந்தது. வந்தால் அடக்க முடியாது. முதலாளிக்குத் தெரிந்தால் லாரியைப் பிடுங்கிவிடுவார் என்று யாரிடமும் சொல்லவில்லை. துறைமுக வாசல் வரிசையில் பின்னால் நிற்கும் டிரைவர் என்னையே நோட்டம் விடுவதாகச் சந்தேகம். ஒருநாள் கழிப்பறைக்கு ஓடித் திரும்பினால், அவன் என் லாரியருகே நிற்கிறான்.

"எத்தன தடவ ஓடுவீய அண்ணாச்சி? எங்க மாமாவும் குடல் ஆப்பரேசனுக்குப் பெறகு இப்படித்தான். சாவிய விட்டுட்டுப் போங்க, வரிசை நகந்தா நான் எடுத்து விடுதேன்."

முதலாளி அனுப்பிய ஆளோ? மறுநாள் சாவியை விட்டுவிட்டுத்தான் ஓடினேன், வேறு வழியில்லை. கழிப்பறைக் கதவை மட்டும் லேசாகத் திறந்துவைத்து லாரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.