ஃப்ளோராவின் ரயில்வே கேட் பாட்டு

திருவொற்றியூர் தீப்பெட்டிக் கம்பெனியில் ஃப்ளோரா வேலைக்குச் சேர்ந்தது அறுபத்தெட்டில். ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து கிளம்பினால் பாதி வழியில் ரயில்வே கேட் மூடிக் கிடக்கும். சரக்கு வண்டி நகரும், நிற்கும், மறுபடி நகரும். சைக்கிளும் கைவண்டியும் குவிந்து, கம்பெனிச் சங்கு ஊதிவிடுமே என்று ஆளாளுக்கு கேட்காரரைத் திட்டுவார்கள். அந்தத் திட்டையே அவள் பாட்டாக்கினாள்.

"கேட்டத் தொற நைனா, கேட்டத் தொற,
சங்கு ஊதிட்டான், கேட்டத் தொற!"

அவள் அண்ணன் லூயிஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போன ராக் இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு கிட்டார் பழகியவன். தங்கையின் பாட்டுக்கு அந்த ராக் தாளத்தைப் போட்டான். ஒரு கல்யாண வரவேற்பில் இருவரும் பாடியபோது பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையை விட்டு எழுந்து ஆடினார்கள்.

அங்கே வந்திருந்த குமாரவேல் ஒரு சினிமா இசையமைப்பாளரிடம் உதவியாளராக இருந்தவர். "இந்த மெட்ட எங்க படத்துக்குக் குடுக்கிறியாம்மா?" என்று கேட்டார்.

"பாடப்போறது நானா சார்?"

"ரெக்கார்டிங்குக்கு வா, பாத்துக்கலாம்."

ஃப்ளோரா சம்மதித்தாள். கோடம்பாக்கம் போய்ப் பார்த்தால் மெட்டு மட்டும்தான் அவளுடையதாக இருந்தது. வரிகளை மாற்றியதில் ரயில்வே கேட் மனசுக்கதவு ஆகியிருந்தது. பாடியது வேறொரு பெண். ஃப்ளோராவை ஓரமாக நிறுத்தி, பல்லவி முடியும்போதெல்லாம் "ஹேய்" என்று கத்தச் சொன்னார்கள். தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தாள்.

படம் வந்ததும் குடும்பமே தியேட்டருக்குப் போனது. திரையில் வில்லனின் கிளப். ஒரே புகை, சாராய பாட்டில்கள், இறகு உடுப்பில் ஒருத்தி ஆடுகிறாள். அம்மா சிலுவையம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "இனிமே கோயில்ல எப்டிடி மூஞ்சி காட்டுவேன்?"

ஃப்ளோராவுக்கு வலித்தது வேறு இடத்தில். சாப்பாட்டுத் தூக்கோடு வெயிலில் நிற்கும் பெண்களைப் பற்றி அவள் ஒரு சரணம் கட்டியிருந்தாள். படத்தில் அந்தச் சரணத்தின் மெட்டுகூட இல்லை. அதன்பிறகு அவள் பாடவில்லை. லூயிஸ் கிட்டாரை எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

அடுத்த தையில் ஒரு சாயங்காலம். கல்மண்டபம் தெருவில் மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. யானைக்கவுனி அப்துல் வஹாபின் பேண்டு செட்டு வாசித்துக்கொண்டிருந்தது அவள் பாட்டைத்தான். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் லூயிஸின் வேகத்தையும் தாண்டி ஓடின. பல்லவி முடிந்ததும் தெருவே "ஹேய்" என்றது. மீன்கூடையோடு நின்ற பெண்கள்கூடக் கத்தினார்கள். குழாயடியில் குடத்தோடு நின்ற ஃப்ளோராவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கண் கலங்கியது. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊர்வலத்துக்குள் நுழைந்தாள்.

"பாய், நடுவுல ஒரு சரணம் கீது. அத்த வுட்டுட்டீங்க."

கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தார் வஹாப். "படத்துல இல்லியேம்மா?"

"படத்துல இல்ல. எங்கிட்ட கீது."

"அப்ப பாடு."

நடுத்தெருவில் நின்று பாடினாள். இரண்டாவது அடியிலேயே கிளாரினெட் அவள் குரலைப் பிடித்துக்கொண்டது. வாசலுக்கு ஓடிவந்த சிலுவையம்மாள், தூக்குச் சட்டி பற்றிய வரிகளைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். "இது நம்ம பொயப்பாச்சேடி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வஹாப் அவர்கள் வீட்டுக்கே வந்து, செட்டில் பாட வரச்சொல்லிக் கேட்டார். அதிலிருந்து லீவு நாட்களில் ஃப்ளோரா பேண்டு செட்டில் பாடினாள். ஒவ்வொரு வீட்டுக்கும் பாட்டு மாறியது. பெண் வீட்டில் "மாப்ள வந்துட்டாரு, கேட்டத் தொற" என்பாள். வளைகாப்பில் வயிற்றுப் பிள்ளையைக் கூப்பிடுவாள். படம் ஊரைவிட்டே போய்விட்டது. பாட்டு மணலி வரை, எண்ணூர் வரை நடந்தது.

எழுபத்துநான்கில் ரயில்வே ஃபிட்டர் சவரிநாதனுக்கும் அவளுக்கும் கல்யாணம். வஹாபின் செட்டு பாட்டை எடுத்ததும் மணப்பெண்ணால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"எங்க போற?" என்றான் சவரிநாதன்.

"ரெண்டே வரி. வந்துர்றேன்."

அவள் கழற்றிக் கொடுத்த மாலையைக் கையில் பிடித்தபடி, செருப்புக் காலால் தாளம் போட்டுக்கொண்டு அவன் காத்திருந்தான்.