பதினெட்டாவது குழி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு நான் கொட்டகைக்குள் நுழைந்தபோது பொஸ் சீமெந்துத் தரையில் மல்லாந்து கிடந்தார். முழங்கால் இரண்டையும் மடித்து, கண்களை மூடி, கைகளை நெஞ்சின்மேல் வைத்திருந்தார். ஒரு கணம் செத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

“முதுகு பிடித்துவிட்டது,” என்றார் கண்ணைத் திறக்காமலே. “இன்றைக்கு என்னால் குனிய முடியாது. குழிகளை நீதான் வெட்ட வேண்டும்.”

அவர் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் கலந்துதான் பேசுவார். எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். கனடாவில், மொன்றியலுக்கு மேற்கே, அந்த நகரம் இருக்கிற தீவைத் தாண்டி இருந்த ஒரு கோல்ஃப் கிளப்பில் புல்லைப் பராமரிக்கும் எங்கள் கூட்டத்துக்கு அவர் தலைவர். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள் அவை. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது கோடை. சித்திரையில் பனி கரைந்ததும் கூப்பிடுவார்கள், கார்த்திகையில் அனுப்பிவிடுவார்கள். குளிர்காலத்தில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவேன். அந்த மூன்று கோடையிலும் நான் ஒரு பந்தைக்கூட அடித்துப் பார்த்ததில்லை. அடிக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அந்த வருடம்தான் பெண்களுக்கான பெரிய கோல்ஃப் போட்டி எங்கள் கிளப்புக்கு வந்தது. உலகத்தின் பல பக்கங்களிலிருந்தும் அதையே தொழிலாகக் கொண்ட பெண்கள் வந்திருந்தார்கள். வியாழன் தொடங்கி ஞாயிறுவரை நாலு நாள் விளையாட்டு. எங்களுக்கு அது நாலு நாள் இல்லை. மூன்று கிழமைக்கு முன்னரே ஒருவருக்கும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ரொக்ஸ்பரோவில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து விடிவதற்கு முன்னரே புறப்படுவேன். பின்னேரம் ஆட்டம் முடிந்த பிறகு திரும்பவும் ஒரு தடவை புல்லை வெட்டி, பந்துக்குத் தடையாக வெட்டி வைத்திருக்கும் மணற்குழிகளை வாரி, தண்ணீர் விட்டு, வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுக்கொண்டே நித்திரையாகிவிடுவேன். வெள்ளிக்கிழமை கொட்டிய மழையில் மணலெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மண்வெட்டியால் அள்ளி அள்ளி, பதினாலு பேர் அதை ஒவ்வொரு மணற்குழியாகத் திருத்தினோம். பொஸ் எங்களோடு சேர்ந்து அள்ளினார். அவருடைய முதுகு அன்றைக்குத்தான் போயிருக்க வேண்டும்.

குழி வெட்டுவது அவர் வேறு ஒருவருக்கும் கொடுக்காத வேலை. குழி இருக்கிற இடத்தைச் சுற்றிக் கம்பளம்போல ஒட்ட வெட்டிய புல்தரையைக் கிரீன் என்பார்கள். போட்டி நாட்களில் ஒவ்வொரு காலையும் பதினெட்டுக் கிரீனிலும் குழியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். எங்கே என்று போட்டி அதிகாரிகள் முதல்நாளே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி போட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் புள்ளியின்மேல் கூர்மையான விளிம்புள்ள இரும்பு உருளையை நேராக நிறுத்தி, இடமும் வலமுமாகத் திருகி இறக்கி, மண்ணோடும் புல்லோடும் முழுதாக வெளியே எடுக்க வேண்டும். எடுத்த மண்ணுருளையால் நேற்றைய குழியை மூட வேண்டும். புதுக் குழிக்குள் பந்து விழுகிற கிண்ணத்தை இறக்கி, விளிம்பில் துருத்தும் புல்லைச் சின்னக் கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும். சொல்லும்போது சுலபம். உருளையை மேலே இழுக்கும்போது கை கொஞ்சம் சரிந்தாலும் குழியின் விளிம்பு ஒரு பக்கம் மயிரளவு உயர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மெதுவாக வரும் பந்துக்குத் தெரியும்.

முந்தைய இரண்டு கோடையும் சாதாரண நாட்களில் அவருக்குப் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு குழிகள் என் கையாலேயே வெட்டியும் இருக்கிறேன். அவை உறுப்பினர்களுக்கான குழிகள். தொலைக்காட்சியில் காட்டுகிற குழிகள் இல்லை.

“வேறு ஆள் இல்லையா?” என்று கேட்டேன்.

“இருந்தால் உன்னிடம் சொல்வேனா?” என்றார்.

முதல் பதினேழு குழிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. பதினெட்டாவது மட்டும் நன்றாக ஞாபகம். புள்ளி கிரீனின் பின்மூலையில், குளத்துக்குக் கிட்ட இருந்தது. வெள்ளி பெய்த மழையில் அந்த மூலை மட்டும் இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. உருளை சுலபமாக இறங்கியது, ஆனால் வெளியே வர மறுத்தது. இரண்டு தடவை இழுத்தேன். மூன்றாவது தடவை முழங்காலை ஊன்றி இழுத்தபோது சளக்கென்று வந்தது. இடதுபக்க விளிம்பு கொஞ்சம் எழும்பியதுபோல இருந்தது. உள்ளங்கையால் அழுத்தினேன். எழும்பி நின்று பார்த்தேன். சரியாகத் தெரிந்தது. தரையோடு தரையாகக் கண்ணை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பொஸ் எப்போதும் அப்படித்தான் செய்வார், வயிற்றை நிலத்தில் வைத்துப் படுத்து. எனக்கு ஒரு தடவை படுத்தால் திரும்ப எழும்புவேனோ என்றிருந்தது. புல் வெட்டும் இயந்திரத்தோடு எங்கள் கூட்டத்தில் ஒருவன் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றான். குழியில் கொடியை நட்டுவிட்டுப் போய்விட்டேன்.

மத்தியானம் மனைவி வந்தா. வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கு ஞாயிறு ஒரு இலவச அனுமதி கொடுத்திருந்தார்கள். அவ அஹுன்ட்சிக் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் கிழமைக்கு ஆறு நாள் வேலை. கிடைத்த ஒரு நாளையும் இதற்குச் செலவழிக்க வேண்டாம், வீட்டில் படுத்து எழும்பும் என்றுதான் சொன்னேன். “மூண்டு கிழமையா உங்களைக் காணேல்ல. அங்க வந்தாவது பாக்கிறன்,” என்று வந்துவிட்டா.

என் வேலை மூன்று மணிக்கு ஓய்ந்தது. இரண்டு பேரும் பதினெட்டாவது கிரீனுக்குப் பின்னால், கயிற்றுக்கு வெளியே, புல்மேட்டில் போய் இருந்தோம். அவ கொண்டுவந்த மீன் அடைத்த பணிஸை நான் சாப்பிட்டேன். விளையாட்டுக்காரர்கள் ஒவ்வொரு கூட்டமாக வந்து முடித்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி பந்தை உருட்டத் தயாராகும்போதெல்லாம், தொண்டர் ஒருவர் அமைதி என்று எழுதிய பலகையை உயர்த்துவார். ஆயிரக்கணக்கான சனம் மூச்சுவிடாமல் நிற்கும்.

“என்னப்பா இது, செத்தவீடு மாதிரி நிக்குதுகள்,” என்று அவ காதுக்குள் கேட்டா.

“கதையாதையும். பாக்கினம்.”

“நானும் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். ஒண்டும் நடக்கேல்லையே.”

கடைசிக் கூட்டம் வரும்போது ஐந்து மணி கடந்துவிட்டது. குறைந்த அடிகளில் முடிப்பவருக்குத்தான் வெற்றி. அந்தக் கணக்கில் முன்னுக்கு நின்றவள் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு உயரமான பெண். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். அவளைவிட ஒரே ஒரு அடி கூடுதலாக அடித்து இரண்டாவதாக நின்றவ வயதில் மூத்தவ. நாற்பதுக்குக் கிட்ட இருக்கும். நீலச் சட்டை, வலது மணிக்கட்டில் கட்டு. நாலு நாள் நடந்த களைப்பு அவவின் தோளிலேயே தெரிந்தது. நடக்கும்போது பந்து அடிக்கிற கோலை ஊன்றுகோல்போல ஊன்றி நடந்தா.

சிவப்புத் தொப்பிக்காரி தன் பந்தை இரண்டு தடவை உருட்டி முடித்தாள். இப்போது நீலச் சட்டைக்காரியின் பந்து குழிக்கு நாலடி தூரத்தில் இருந்தது. அது விழுந்தால் இரண்டு பேரும் சமம், இன்னும் ஆட வேண்டும். விழாவிட்டால் முடிந்தது. அமைதிப் பலகை உயர்ந்தது. அவ இரண்டு பக்கமும் போய்க் குந்தியிருந்து பார்த்தா. பிறகு வந்து நின்று உருட்டினா.

பந்து குழியின் இடது விளிம்பில் ஏறி, அரைவட்டம் சுற்றி, வெளியே வந்து நின்றது.

சனம் முழுவதும் ‘ஓ’ என்று ஒரே குரலில் சத்தம் போட்டது. அவ பந்தைக் குழிக்குள் தட்டிப் போட்டுவிட்டு, மற்றவளைக் கட்டிப் பிடித்து முதுகில் தட்டினா. அதற்குப் பிறகு குழிக்குத் திரும்பி வந்தா. குனிந்து, இடது விளிம்பைப் பெருவிரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தா. பார்த்துவிட்டுப் போய்விட்டா.

நான் உள்ளங்கையால் அழுத்திய அதே பக்கம்.

“என்ன, ஏன் முகம் இப்பிடி வெளிறிக் கிடக்கு?” என்று மனைவி கேட்டா.

காலையில் நடந்ததைச் சொன்னேன். பொஸ் படுத்துக் கிடந்தது, உருளை வர மறுத்தது, நான் படுத்துப் பார்க்காமல் விட்டது. அவ சப்பாத்தைக் கழற்றி, வீங்கிய கால்களைத் தேய்த்துக்கொண்டே கேட்டா. எல்லாம் சொல்லி முடித்ததும், “அப்ப மற்றப் பெட்டை எந்தக் குழியில போட்டவ?” என்றா.

“அதே குழியிலதான்.”

“பேந்தென்ன? அவவுக்கும் அதே குழிதானே. காலமையில இருந்து வந்த எல்லாருக்கும் அதே குழிதானே.”

“அவ வேற பக்கத்தால உருட்டினவ.”

“நீங்கள் பிழை பிடிக்கிறதெண்டு நிண்டால் பிடிப்பியள்தான்,” என்று சொல்லிவிட்டுப் புல்லில் சரிந்து படுத்தா. பரிசு கொடுக்கிற சத்தத்துக்குள்ளேயே அவவுக்கு நித்திரை வந்துவிட்டது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவவை அங்கேயே விட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். பொஸ் முதுகுக்கு ஐஸ் பையை வைத்துக்கொண்டு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். எதிரே சின்னத் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நான் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியை எடு என்று அவர் கை காட்டினார்.

சனம் கலைந்த பிறகு கிரீனுக்குப் போனோம். சனம் நெரிந்து நின்ற இடம் வெறுமையாக இருந்தது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு முழங்காலை ஊன்றினார், பிறகு மற்றதை. முகம் வலியில் சுருங்கியது. குழியின் விளிம்பைச் சுற்றி விரலை மெதுவாக ஓட்டினார். இடதுபக்கம் வந்ததும் நிறுத்தி, திரும்பவும் ஓட்டினார்.

“சே கொறெக்,” என்றார். சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

“இப்போது சரி. அப்போது?”

“நாள் முழுக்க எத்தனை பேர் இதற்குள் கையை விட்டுப் பந்து எடுத்திருப்பார்கள். பின்னேரம் எல்லாக் குழியும் விளிம்பு அமுங்கி இப்படித்தான் இருக்கும். காலையில் உனக்குச் சரியாகத் தெரிந்ததா?”

“தெரிந்தது. ஆனால் நான் படுத்துப் பார்க்கவில்லை. களைப்பாக இருந்தது.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். “எல்லாருக்கும் களைப்பு,” என்றார். “அவளுக்கும்தான். தொலைக்காட்சியில் பார்த்தேன். பந்து அவள் கோலை விட்டுப் புறப்படும்போதே இடது பக்கம்தான் போனது. அது அவளுக்குத் தெரியும். சரி, என்னைத் தூக்கிவிடு.”

அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். எனக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். அவர் பொய் சொல்லுகிற மனிதர் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு முதுகு வலித்தது, என் முகத்தைப் பார்க்கவும் பாவமாக இருந்திருக்கும். இன்றுவரை எனக்குத் தெரியாது.

மனைவியை எழுப்பப் போகும் வழியில், விளையாட்டுக்காரர்களின் கார்கள் நிற்கிற இடத்தைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கே அந்த நீலச் சட்டைக்காரி தனியாக நின்றா. வாடகைக்கு எடுத்ததுபோல ஒரு சின்னக் கார். பெரிய பையைப் பின்பெட்டிக்குள் தள்ள முடியாமல் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. நான் ஓடிப்போய்ப் பையைத் தூக்கி உள்ளே வைத்தேன். அவ்வளவு பாரமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நன்றி சொன்னா. என் பச்சைச் சட்டையைப் பார்த்துவிட்டு, “நீங்கள் புல் பார்க்கிற ஆளா?” என்று ஆங்கிலத்தில் கேட்டா.

ஆம் என்று தலையாட்டினேன்.

“கிரீன்கள் நாலு நாளும் அருமையாக இருந்தன. அந்த மழைக்குப் பிறகும். உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள்.”

அவவின் கண்கள் சிவந்திருந்தன. அழுததாலா, வெயிலாலா என்று தெரியவில்லை. பதினெட்டாவது குழியை வெட்டியது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆங்கிலம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். அந்த அளவு ஆங்கிலம் எனக்கு இருந்தது. சொன்னால் பாரம் இறங்குவது எனக்கு, ஏறுவது அவவுக்கு என்று தோன்றியது. இரவு முழுக்க அவ அந்த விளிம்பை நினைத்துக்கொண்டிருப்பா. இப்படி நான் பிறகுதான் யோசித்தேனோ, அந்த நேரத்தில் வெறுமனே பயந்தேனோ, அதையும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் ஆட்களுக்குச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவ ஏறி, கண்ணாடியைச் சரிசெய்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனா.

திரும்பி வரும்போது கர்க்லாண்டில் நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டது. போட்டி பார்த்துவிட்டு வந்த கார்கள். மனைவி கால் இரண்டையும் முன்கண்ணாடிக்குக் கீழே தூக்கி வைத்துக்கொண்டு, “நாளைக்காவது லீவோ?” என்று கேட்டா.

“இல்லை. கயிறு எல்லாம் கழற்ற வேணும்.”

“எனக்கும் ஏழு மணிக்கு வேலை.”

முன்னால் நின்ற கார் நகர, நானும் காரை நகர்த்தினேன்.

அடுத்த கிழமை பொஸ் வைத்தியரிடம் போனார். முதுகுத்தண்டில் ஏதோ தேய்ந்துவிட்டதாம், இனிக் குனியக் கூடாதாம். குழி வெட்டும் வேலையை என்னிடமே தந்தார். அதற்குப் பிறகு அங்கே இருந்த ஐந்து வருடமும் தினமும் காலையில் நான்தான் வெட்டினேன். ஒவ்வொரு குழியையும் வெட்டிய பிறகு, பனி ஈரத்தில் வயிற்றை வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன். சட்டை நனைந்து குளிரும். பதினெட்டுத் தடவை படுத்து எழும்ப வேண்டும். புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். நேரம் போகிறது என்று ஒருத்தன் முறைப்பாடும் செய்தான். பொஸ் அதைக் கேட்டுவிட்டு, அவன் படுக்கட்டும், விடு என்றாராம்.