வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் கிடைத்த சாவிக்கு வயது என்ன?

சாவி வார்ப்பு இரும்பு இல்லை. உலையில் காய்ச்சிக் கையால் அடித்தது. வண்டன்மேட்டுக்கு அருகே ஏலத்தோட்டத்தில் கிடைத்த அந்தச் சாவியை நேரில் பார்த்த தொல்லியல் துறை அலுவலர் ஒருவர் நேற்றுக் காலை தொலைபேசியில் உறுதியாகச் சொன்னது இவ்வளவுதான். இடைக்காலத்துச் சாவியா என்று கேட்டேன். “துருவும் அதில் ஒட்டிய மண்ணும் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம். தேய்த்து எடுத்துவிட்டார்களே” என்றார்.

வாட்ஸ்அப்பில் “ராஜா காலத்துச் சாவி” என்று சுற்றிய படத்தைப் பார்த்துத்தான் போன வாரம் கிளம்பினேன். முந்தைய நாள் கொழிஞ்சாம்பாறையில் பழைய பூட்டுகளைப் பழுதுபார்க்கும் பொன்னுசாமியிடம் படத்தைக் காட்டினேன். உள்ளே துளையில்லாத தண்டு, வளைந்த நுனி, இரண்டு பல்.

“ஏனுங்க, பழைய கோயல் சாவியும் இப்படித்தானுங்க, எங்கப்பாரு அடிச்ச சாவியும் இப்படித்தானுங்க. போட்டோவப் பாத்து வயசு சொல்ல நானென்ன ஜோசியருங்களா?” என்றார்.

மறுநாள் காலை 5.10க்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து காரில் புறப்பட்டு, பொள்ளாச்சி, பழனி, தேனி வழியாகக் கம்பம் சேர்ந்தபோது மணி 11.20. மீட்டரில் 247 கி.மீ. அங்கே காரை விட்டுவிட்டு ஜீப் பிடித்தேன். போகவர 1,800 ரூபாய். கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மழை. வழியெல்லாம் மூடுபனி, மலை இருப்பதே தெரியவில்லை.

சாவியைக் கண்டெடுத்தவர் சவரிமுத்து. முப்பது சென்ட் ஏலக்காய்த் தோட்டம், இரண்டு அறை வீடு. ஜூனில் மண் சரிந்து வடக்குச் சுவரும் தண்ணீர்க் குழாயும் போயின. புதைந்த இரும்புக் குழாயைத் தேட, கம்பத்தில் மெட்டல் டிடெக்டரை வாடகைக்கு எடுத்து வந்திருக்கிறார். அது கத்திய இடத்தில் இரண்டரை அடி தோண்டியபோது குழாய் இல்லை, சாவி இருந்தது.

“அந்தோணியார்கிட்ட நாங்க கேட்டது குழாய” என்றார் அவர் மனைவி ஜெயராணி. “அவரு குடுத்தது சாவி. இந்த மனுசன் புளியும் மணலும் போட்டு அதைப் பொண்ணு பாக்கப் போற மாதிரி பளபளன்னு ஆக்கிட்டாரு.”

“துருப்புடிச்சதைக் கொண்டுபோய்ச் சாமி முன்னாடி வைக்கவா? ஒனக்கே நல்லாருக்கா?” என்றார் சவரிமுத்து.

தொலைந்தது எது கிடைத்தாலும் செவ்வாய்க்கிழமை, அதைத் தேடித் தருபவராக நம்பும் அந்தோணியாரின் பீடத்தில் வைத்து எடுப்பது இங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்களின் வழக்கம். அங்கே யாரோ எடுத்த படம்தான் பரவியது. மூன்றாம் நாள் வில்லேஜ் ஆபீஸ்காரர்கள் வந்து சாவியை வாங்கிப் போனார்கள்.

சவரிமுத்துவின் நிலத்துக்குப் பட்டயம், அதாவது பட்டா, இன்னும் வரவில்லை. பட்டயம் இல்லாமல் சுவர் எழுப்ப அனுமதி கிடையாது. சாவி பழங்காலத்தது என்று முடிவானால் நிலத்தைத் தோண்டி ஆராய வேண்டும், பட்டயம் நின்றுபோகும் என்று வில்லேஜ் ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள்.

“ஊர்ல எல்லாரும் ராசா காலத்துதுன்னு கையக் குலுக்குறாங்க சார். எங்க தாத்தா பூட்டுன சாவியா இருந்துட்டா எனக்குப் போதும்” என்றார். ஜெயராணி கொடுத்த பால் இல்லாத கட்டன்சாயாவைக் குடித்துவிட்டு 2.40க்கு இறங்கினேன்.

தொலைவில் இருப்பவர்களுக்குப் பழைய சாவி என்றால் ஆசைதான். அது கிடைத்த வீட்டில் அப்படி இல்லை. போகிறவர்கள் மூன்று மணிக்குள் மலையிறங்கிவிடுங்கள், அட்டைக்கு உப்பு வைத்துக்கொள்ளுங்கள். டிடெக்டரோடு போகாதீர்கள், அனுமதியின்றிப் பழம்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். தற்செயலாக ஏதும் கிடைத்தால் கழுவாமல், தேய்க்காமல், மண்ணோடு துணியில் சுற்றி, எடுத்த ஆழத்தைக் குறித்து ஒப்படையுங்கள்.

எழுத்து வடிவிலான அறிக்கை இன்னும் வரவில்லை. ஓணம் விடுமுறை முடிந்து அலுவலகம் திறக்கும் வாரத்தில் எதிர்பார்க்கலாம் என்றார் அலுவலர். அதுவரை பட்டயக் கோப்பு நகராது, வடக்குச் சுவரும் எழாது. ஐப்பசி மழைக்கு அதன்பின் சில வாரங்களே இருக்கும்.