புள்ளிக்கோழியும் அக்கா விட்டுப்போன கூடையும்

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது மலாயாவில், தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நானும் என் கணவரும் மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். வெட்டுவது என்றால் சாய்ப்பது இல்லை, பட்டையைச் சீவிப் பால் இறக்குவது. இப்போது ஈப்போவில் மகள் வீட்டில், நாலாவது மாடியில் இருக்கிறேன். முட்டையைக் கடையில் அட்டையோடு வாங்குகிறோம். அட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் ஒரு புள்ளிக்கோழியும் அதனால் நான் தொலைத்த ஒரு சிநேகமும் நினைவுக்கு வந்துவிடும்.

பாகான் செராய் வயல் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் நான். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் வீட்டை ஒட்டிய அடுத்த வீட்டில் ஓர் அக்கா இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் அக்கா கடுகு தாளித்தால் இந்தப் பக்கம் நான் தும்முவேன். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே சுவருக்கு மேலாகப் பேசுவோம். என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் பேசாமல் ஒரு பொழுதும் விடிந்ததில்லை.

இரண்டு பேருமே கோழி வளர்த்தோம். லயத்துக் கோழிகள் எல்லாம் ஒன்றாகத்தான் மேயும். அதனால் வீட்டுக்கு வீடு ஓர் அடையாளம் இருந்தது. அக்கா வீட்டுக் கோழிக்கு இடது கால் விரலில் நகம் வெட்டியிருக்கும். என் கோழிகளின் காலில் பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருப்பேன். அவற்றில் ஒன்றுதான் இந்தப் புள்ளிக்கோழி. கறுப்பில் வெள்ளைப் புள்ளி, நடையில் ஒரு திமிர். அதற்கு என்னைத் தவிர வேறு யாரையும் பிடிக்காது. எனக்கு அதில் ஒரு கர்வம்கூட உண்டு.

அந்தச் சமயத்தில்தான் குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐ.சி. என்ற அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு வேலை பெர்மிட் இல்லை என்றாகி, குடும்பம் குடும்பமாகப் பூர்வீக ஊருக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கணவருக்கும் சிவப்பு ஐ.சி.தான். பிறந்ததிலிருந்து பார்த்தே இராத ஊருக்கு அக்கா கிளம்ப வேண்டியதாயிற்று. சட்டி பானையைக் கொடுத்தார், கட்டிலைக் கொடுத்தார், கோழிகளையும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் வீடு காலியாகக் காலியாக அக்காவின் குரல் எதிரொலிக்க ஆரம்பித்தது. எனக்கு அழுகையாக வரும். அதைக் காட்டத் தெரியாமல் எல்லாவற்றுக்கும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் புள்ளிக்கோழி காணாமல் போனது. பத்து நாளாயிற்று, வரவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அக்கா லயத்துக்காரர்களுக்கு விருந்து வைத்தார். எனக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் கோழிக்குழம்பு வந்தது. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனவள் கால்வாயைப் பார்த்தேன். கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட இறகுகள் மிதந்துகொண்டிருந்தன.

எனக்கு அப்போது புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. கிண்ணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய், பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் அக்காவின் முன்னால் நங்கென்று வைத்தேன்.

"என் கோழிய எனக்கே கொழம்பு வெச்சுக் குடுக்குறியா?" என்று கேட்டேன்.

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. "மலாய்க்காரங்க கம்பத்துல வாங்குன கோழி புள்ள. ஒன்னோடது எங்கயாச்சும் அடைக்கு ஒக்காந்திருக்கும், தேடிப் பாரு" என்றார். நான் கேட்கவில்லை. போகிற போக்கில் அடுத்தவள் கோழியைத் தின்றுவிட்டுப் போனால் கப்பல் கரை சேருமா என்றும் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

லோரி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போன காலையில் நான் கதவைத் திறக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் "வாரேன் புள்ள" என்று ஒரு குரல் கேட்டது. அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தேன். பிறகு வெளியே வந்து பார்த்தால் வாசலில் அக்காவின் பிரம்புக் கோழிக்கூடை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. காலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு வேலைக்குப் போனேன்.

மூன்றாம் நாள், என் நிரையில் கடைசி மரத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது புதருக்குள் ஏதோ முனகுகிற மாதிரி சத்தம். பாம்போ என்று பயந்து, கத்தியால் கொடியை விலக்கிப் பார்த்தேன். புள்ளிக்கோழி! காலில் என் நீலச் சேலைக் கரை. சுற்றிலும் உடைந்த முட்டை ஓடுகள். மூசாங், அதாவது மரநாய், வந்து முட்டைகளைத் தின்றுவிட்டு, கோழியின் முதுகையும் குதறிவிட்டுப் போயிருந்தது. புண்ணில் புழு நெளிந்தது. கழுத்தைத் தூக்கவும் சக்தியில்லாமல் என்னை ஒரு கண்ணால் பார்த்தது.

காணாமல் போன பெட்டைக்கோழி திருட்டுத்தனமாக அடைக்கு உட்கார்ந்திருக்கும் என்பது கோழி வளர்க்கிற பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அக்கா அதைத்தான் சொன்னார். நான்தான் ஓர் இறகைப் பார்த்துத் தீர்ப்பு எழுதினேன்.

கோழியை முந்தானையில் சுற்றிக்கொண்டு, பால் வாளியோடு வீட்டுக்கு ஓடி வந்தேன். கணவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது தேறாது. சாகறதுக்கு முன்னாடி அறுத்துட்டா ஒரு நேரத்துக்கு ஆகும்லா" என்றார். அதை நான் காதில் வாங்கவில்லை. கப்பல் இன்னும் பினாங்கில் நிற்குமா என்று கேட்டேன். நேற்றே போயிருக்கும் என்றார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.

அக்காவிடம் போக வழியில்லை. கோழியாவது பிழைக்க வேண்டும் என்று மனதில் ஒரு வெறி. அது செத்தால், நான் சொன்ன பொய்யே நிலைத்துவிடும் என்று ஏனோ தோன்றியது. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துப் புண்ணில் விட்டேன். புழுக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. குச்சியால் எடுத்துப் போட்டேன். பிறகு மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். அலகைப் பிரித்து, விரலில் தொட்டுத் தொட்டுக் கஞ்சித் தண்ணீர் விட்டேன். முதல் இரண்டு நாள் பாதி வெளியே வழிந்தது. ஈ மொய்க்காமல் இருக்க மூடி வைக்க ஏதாவது வேண்டுமே என்று தேடினால், மழையில் நனைந்து கிடந்த அக்காவின் கூடைதான் இருந்தது. கழுவித் துடைத்து, கோழியின் மேல் கவிழ்த்து, அதற்கு மேல் ஒரு மெல்லிய துணியைப் போட்டேன்.

காலையில் எழுந்ததும் கூடையைத் தூக்கிப் பார்ப்பேன். உயிர் இருக்கும். உடனே சுவரைப் பார்த்து, "இன்னைக்கும் இருக்குக்கா" என்று சொல்லுவேன். அந்தப் பக்கம் ஆளில்லை என்று தெரியும். பழக்கம் விடுமா? மூன்றாம் நாள் கஞ்சி உள்ளே தங்கியது. அதையும் சுவரிடம் சொன்னேன். ஐந்தாம் நாள் சின்ன வெங்காயத்தைப் பொடியாய் நறுக்கி, மிளகோடு நொய்யில் பிசைந்து வைத்தேன், தானே கொத்தியது. ஒருநாள் என் கணவர் வேலை முடிந்து வரும்போது பட்டுப்போன மரத்திலிருந்து கறையான் புற்றைப் பெயர்த்து எடுத்து வந்து, கோழி கொத்தித் தின்னட்டும் என்று கூடைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அறுக்கலாம் என்று சொன்ன அதே மனுஷன்தான்.

ஒரு மாதம் ஆனது. முதுகில் இறகு முளைக்காத ஒரு வழுக்கையோடு புள்ளிக்கோழி பழைய திமிரில் வாசலில் நடந்தது. லயத்தில் எல்லாரும் பார்த்தார்கள். எல்லாருக்கும் புரிந்தது. பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஆள்தான் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

அடுத்த வருடம் நீலக் கடிதாசி ஒன்று வந்தது. அக்கா சொல்ல, அவருடைய மகன் எழுதியது. வெயில் தாங்கவில்லை, கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கை காய்த்துவிட்டது, ஊரில் தங்களை மலாயாக்காரங்க என்கிறார்கள் என்றெல்லாம் இருந்தது. சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில், இடம் பற்றாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தது: "புள்ளிக்கோழி கெடச்சிச்சா? கெளம்புற அன்னைக்கு விடிய ஆத்தோரம் வரைக்கும் போய்த் தேடினேன், ஆப்படல."

லோரிக்காக வாசலில் காத்து நிற்க வேண்டிய காலையில் அக்கா என் கோழியைத் தேடி ஆற்றோரம் அலைந்திருக்கிறார். அதற்குப் பிறகு வந்துதான் கூடையை வைத்திருக்கிறார், "வாரேன் புள்ள" என்றும் சொல்லியிருக்கிறார். கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே பதில் எழுதினேன். கோழி பிழைத்துவிட்டது, எட்டுக் குஞ்சு பொரித்திருக்கிறது, கூடை நன்றாக இருக்கிறது என்று எல்லாம் எழுதினேன். மன்னித்துவிடு என்று மட்டும் எழுதவில்லை. அந்தப் பையன்தானே உரக்கப் படித்துக் காட்டுவான், வீட்டில் எல்லாரும் கேட்பார்களே என்று வெட்கம். அடுத்த கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அக்காவிடமிருந்து அடுத்த கடிதம் வரவே இல்லை. அதற்குப் பிறகு நான் போட்ட இரண்டும் என்ன ஆயின என்று தெரியாது. எண்பதுகளில் தோட்டம் கைமாறி, லயத்தை இடித்து, நாங்களும் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். அதன் பிறகு அக்கா எழுதியிருந்தாலும் அந்தக் கடிதம் எந்த வாசலைத் தேடியிருக்கும்?

புள்ளிக்கோழி அதன் காலம் முடிந்துதான் செத்தது. கூடை இன்னும் இருக்கிறது. அடிப்பிரம்பு இற்றுப்போய், வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன். தூக்கிப் போடும்மா என்று மகள் நச்சரிப்பாள். வெங்காயம் எடுக்கக் கை விடும்போது சில நாள் என்னையறியாமல் "இருக்குக்கா" என்று வாய் சொல்லிவிடும்.

இப்போதெல்லாம் யாரிடமாவது தப்பாகப் பேசிவிட்டால் தாளையும் பேனாவையும் தேடுவதில்லை, அன்றைக்கே செருப்பை மாட்டிக்கொண்டு நேரில் போய்விடுகிறேன். போக முடியாமல் போனது அந்த ஒரு வாசலுக்கு மட்டும்தான்.